பகல் நீளமான நாளுக்குப் பதினான்கு பேண்ட்

ஜூன் 8
கழுத்து வலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம். வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஆர்டர் கிடைத்துவிட்டது! இருபத்தொன்றாம் தேதி வருடத்திலேயே நீளமான பகல். விடியும்போது மொட்டை மாடியில் எல்லோரும் சூரிய நமஸ்காரம் செய்யப் போகிறோம். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேருக்கு ஒரே நிறத்தில் பருத்தி பேண்ட்.

யோகா டீச்சர் எங்கள் தையல் கடைக்கு வந்தபோது ஒரு சின்ன உரசல். என் கணவரின் தங்கை – கடையில் பாதி அவளுடையது – குறுக்கே புகுந்தாள். "அண்ணி, நிக்க வச்சு மட்டும் அளவு எடுக்காதீங்க. குனியச் சொல்லியும் பாருங்க." இருபத்திரண்டு வருடமாகக் கத்தரி பிடிக்கிறவளுக்கா பாடம்? "நீ காஜா எடுக்கிற வேலையைப் பாரு" என்றேன். டீச்சர் சுவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 11
இன்னும் பேசவில்லை. போகட்டும். வேலையாவது ஓடுகிறது.

ஜூன் 14
ஒத்திகை. புது பேண்ட்டில் எல்லோரும் வரிசையாக நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "மூச்சை விட்டுக் குனியுங்க" என்றார் டீச்சர். டர்ர்! முதலில் வங்கி மேனேஜர். அப்புறம் பல் டாக்டர். அப்புறம் யார் யார் என்றே தெரியவில்லை – மொத்தம் ஒன்பது பேர். பாயில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. பல் டாக்டர் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அவ சொன்னாளே. சொன்னாளே!

ஜூன் 16
கால் இரண்டும் சேரும் இடத்தில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் சரியாகிவிடும். ஆனால் பதினான்கையும் நான் ஒருத்தி எப்போது பிரித்து, எப்போது தைப்பது? மத்தியானம் கைகழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், குவியலில் பாதி காணோம். அவள் மேசையில் இருந்தது. பிரித்துக்கொண்டிருந்தாள். 'சொன்னேன்ல' என்று ஒரு பார்வைகூட இல்லை. அதுதான் உறுத்துகிறது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஜூன் 19
எல்லாம் தைத்து முடிந்தது. சாயங்காலம் என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "முப்பதாம் தேதி அவ மெஷினை எடுத்துட்டுப் போறாளாம். வேற இடம் பார்த்துட்டா, வண்டிக்கும் சொல்லியாச்சு. நீயே பேசு. என்னால ரெண்டு பக்கமும் தூது போக முடியாது."

அவள் இல்லாத கடையில் நான் யாரோடு சண்டை போடுவது?

ஜூன் 21
ஒன்றும் கிழியவில்லை! சூரியன் எட்டிப் பார்த்தபோது பதினான்கு முதுகும் ஒன்றாக வளைந்தன. பல் டாக்டர் மட்டும் இரண்டு முறை பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் டீச்சர் சொன்னார்: "மனசுக்குள்ள சொல்ற நன்றி இன்னைக்குச் செல்லாது. ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சொல்லணும், சூரியன் மறையறதுக்குள்ள. இவ்வளவு பெரிய பகல், நேரமில்லன்னு யாரும் சொல்லக் கூடாது."

யாரிடம் என்று எனக்குத் தெரியும். அதனால் மற்ற எல்லோரிடமும் சொன்னேன். பால்காரர், பேப்பர்காரர், லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவர். லிஃப்ட்காரர் பயந்தே போனார். ஆறு மணி. ஆறரை. இந்தச் சூரியன் இன்றைக்கென்று போகவே மாட்டேன் என்கிறது.

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "நீ சொன்னதுதான் சரி. அடுத்தவங்க முன்னாடி உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ இல்லேன்னா என் மானம் இன்னைக்கும் மாடியிலயே போயிருக்கும். ரொம்ப நன்றிம்மா."

செருப்பை உதறிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். பிறகு, "உள்ள வாங்க அண்ணி, ஈரத்துல நிக்காதீங்க" என்றாள். மெஷினைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஜூன் 30
வண்டி வந்தது. இரண்டு ஆட்கள் அவள் மெஷினில் கைவைத்தார்கள். நான் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஊசியின் காது கண்ணுக்கே தெரியவில்லை.

"வெளியில இல்லீங்க, அந்த ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுட்டுப் போங்க" என்றாள். "அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

மத்தியானம் ஒரு அம்மா கோட்டு தைக்க வந்தார். இப்படி வெட்டலாமா, அப்படி வெட்டலாமா என்று என்னைக் கேட்டார். அவர் முன்னாலேயே நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். "நீ என்ன சொல்ற?"

அவள் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.