காஞ்சொறி இலையும் நான் சொன்ன பொய்யும்

ஐப்பசி 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாமியாருக்கு முழங்கால் வீக்கம். நேற்று வைத்தியர் என்னிடம் சொன்னது: காஞ்சொறி வேர் மட்டும், கஷாயம், அரை ஆழாக்கு. இலை உடம்பில் படக்கூடாது.

ஏரிக்கரையில் கையில் துணி சுற்றிக்கொண்டு செடி பிடுங்கினேன். திரும்பும்போது கிணற்றடியில் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் அத்தை: "ஏழு வருசமாச்சி. எங்க வூட்ல தொட்டில் கட்டற யோகமில்ல. வந்தவ அப்படி."

வேரை நறுக்கவில்லை. பச்சை இலையை அத்தையின் முழங்காலில் தேய்த்தேன். அலறினாள். வைத்தியர் சொன்ன முறை என்றேன். தடிப்புத் தடிப்பாக எழும்பியது. பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்சம் சந்தோஷம்கூட. எழுதவே கூசுகிறது.

ஐப்பசி 5

வெயில். தடிப்பு அடங்கிவிட்டது. வலியும் குறைந்திருக்கிறது! அத்தை கிணறு வரை தானே நடந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் இலை வைத்தியமும் என் கைராசியும்தான் பேச்சு. எனக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம்.

புளி தீர்ந்தது.

ஐப்பசி 7

அஞ்சலை தன் ஆறு வயது மகளுக்குக் கால் உளைச்சல் என்று அதே இலையைத் தேய்த்துவிட்டாள். முகமெல்லாம் வீக்கம், மூச்சு இழுப்பு. மாட்டுவண்டியில் பாகூர் பிரெஞ்சு ஆஸ்பத்திரி. நானும் போனேன். டாக்டர் ஊசி போட்டார். மதியத்துக்குமேல் மூச்சு சீரானது. ஒருவருக்கு ஒத்துக்கொண்டது இன்னொருவரைக் கொல்லும், அதிலும் பிள்ளைக்கா என்று திட்டினார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டு, பிரெஞ்சில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"வைத்தியருங்க" என்றாள் அஞ்சலை.

நான் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஐப்பசி 8

அஞ்சலையின் புருஷன் வைத்தியர் வாசலில் நின்று கண்டபடி ஏசினானாம். இனி அங்கே யாரும் போகக்கூடாதென்று ஊரில் பேச்சு.

போனேன். வைத்தியர் கோபப்படவில்லை. "எலை படக்கூடாதுன்னு உங்கிட்டதானம்மா சொன்னேன்" என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்து நேரே அஞ்சலை வீடு. அவள் புருஷன், பிள்ளையைப் பார்க்க வந்திருந்த என் அத்தை, தெருப் பெண்கள் நாலைந்து பேர். வைத்தியர் சொல்லவில்லை, நான்தான், அத்தைமேல் இருந்த கோபத்தில் செய்தேன் என்றேன். அஞ்சலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை எனக்கு முன்னால் நடந்து வீடு சேர்ந்தாள். சாயந்திரம் எண்ணெய் காய்ச்சி எடுத்துப் போனேன். காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வெச்சிட்டுப் போ. நானே தேச்சிக்கறேன்."