மூன்றாவது அழைப்பு

ஜூன் 22, ஞாயிறு

வேலிக்குப் பாதி வர்ணம் அடித்தேன். மீதிப் பாதி செப்டம்பர் இடைவேளையில்.

இந்த ஊரில் எதையும் அப்படித்தான் தள்ளிப்போடுவோம். தேசிய அணிகள் ஆடுவதற்காக லீக் ஆட்டங்கள் நிற்கும் வாரக்கடைசிகளில்தான் ஆல்டர்பிக்காரர்கள் பல் பிடுங்கிக்கொள்வார்கள், மாமியாரைப் பார்க்கப் போவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள். மற்ற சனிக்கிழமைகளில் எங்கள் கால்பந்து அணி, ஆல்டர்பி டவுன், ஆடும். இடைவேளையைத் திட்டித் தீர்ப்பதும் நாங்கள்தான், அதை நம்பிக் காரியம் வைப்பதும் நாங்கள்தான்.

என் மகள் ஹெய்லிக்கும் ரோரிக்கும் நடக்கப்போகும் கல்யாணமும் அப்படிக் குறித்ததுதான். அக்டோபர் 11. "உனக்காகத்தாம்மா அந்தத் தேதி. வேற சனிக்கிழமை வெச்சா நீ உடம்பு மண்டபத்துல, உசிரு மைதானத்துலன்னு உட்கார்ந்திருப்ப" என்றாள் ஜனவரியில். அப்போது டவுன் இரண்டாம் அடுக்கில் பதினான்காவது இடத்தில் இருந்தது. மே மாதம் நடந்ததைப் பற்றி ஏற்கெனவே நான்கு பக்கம் எழுதியாயிற்று. மூன்றாம் அடுக்குக்கு இறங்கிவிட்டோம். அவ்வளவுதான்.

ஜூன் 26, வியாழன்

புதிய அட்டவணை காலை ஒன்பதுக்கு வந்தது. பள்ளிச் சமையலறையில் மாவு பிசைந்த கையோடு போனைப் பார்த்தேன். அக்டோபர் 11, சனி, மதியம் 3 மணி. ஆல்டர்பி டவுன் – ஹோல்ம்விக். எங்கள் மைதானம்.

ஏதோ தவறு என்று நினைத்தேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. இடைவேளை மேல் இரண்டு அடுக்குகளுக்குத்தான். கீழே யாரும் நிற்பதில்லை. இருபத்திரண்டு வருடம் மேலேயே இருந்த திமிர், அது எங்களில் ஒருத்தருக்கும் நினைவில் இல்லை.

அதிலும் ஹோல்ம்விக். ஆறு மைல் தள்ளி இருக்கும் ஊர். அவர்களோடு ஆடியே இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

நார்மனைக் கூப்பிட்டேன். முப்பத்தொரு வருடமாக மைதானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை, ஓய்வுபெற்ற தபால்காரர், ஹெய்லிக்கு ஞானத்தந்தை. முழுவதையும் கேட்டார். பிறகு, "கல்யாணம் எத்தனை மணிக்கு?" என்றார்.

"ரெண்டு."

"நாசமாப் போச்சு."

ஜூன் 29, ஞாயிறு

ஹெய்லியிடம் சொன்னேன். நார்மனும் கூட வந்திருந்தார், ஆறுதலுக்காம்.

"காலையில பதினொன்னுக்கு வெச்சிட்டா என்னம்மா? மூணு மணிக்கு எல்லாரும் ஓடிப் போய்ப் பார்த்துட்டு, ராத்திரி விருந்துக்குத் திரும்பிடலாம்" என்றார் நார்மன்.

"நார்மன் மாமா, ரோரி வீட்டுக்காரங்க கார்க்ல இருந்து விமானத்துல வந்து இறங்கவே பதினொன்னரை ஆகும். நாப்பது பேரு. டிக்கெட் எடுத்தாச்சு."

"அயர்லாந்துக்காரங்க ஒருநாள் முன்னாடியே வரக் கூடாதா?"

ஹெய்லி அவரைப் பார்த்த பார்வையில் அவர் தேநீரை முழுசாகக் குடித்து முடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே தப்பு என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. 'நான் எங்கே போகப் போறேன், உன் கல்யாணம்தானே' என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

ஜூலை 3, வியாழன்

நார்மன் விதிப் புத்தகம் முழுவதையும் படித்துவிட்டார். ஒரு வழி இருக்கிறது. ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேரைத் தேசிய அணிகள் அழைத்தால், அந்த கிளப் தன் ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம்.

எங்கள் கோல்கீப்பரை வட அயர்லாந்து அழைக்கும். இடது பக்கம் ஆடும் பையனை வேல்ஸ் இளையோர் அணி அழைக்கும். இரண்டு. மூன்றாவது ஒருவன் வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

முதல் ஆட்டம். 1–1. மழை.

ஜரெல் பாப்டிஸ்ட் நடுக்களத்தில் தனியாளாக நான்கு பேர் வேலையைச் செய்தான். இருபத்திரண்டு வயது. கிளப் கீழே இறங்கியபோது மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள், இவன் நின்றான். ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. அப்பா கரீபியனில் ஒரு தீவு. அந்தத் தீவு அணி இவனைக் கூப்பிடப் பார்க்கிறது, பாஸ்போர்ட் காகிதம் ஏதோ பாக்கி என்று நார்மன் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஜரெல்: 90 நிமிடம்.

ஆகஸ்ட் 16, சனி

ஜரெல் 90. செவ்வாய்க்கிழமையும் 90. போன சனிக்கிழமையும் 90. மேலாளருக்கு வேறு ஆளே தெரியாதா?

ஆகஸ்ட் 30, சனி

ஜரெல் 90. கடைசிப் பத்து நிமிடம் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

செப்டம்பர் 6, சனி

உலகத்திலேயே மோசமான எண் இரண்டு. கோல்கீப்பர் பெல்ஃபாஸ்டில், இடது பக்கத்துப் பையன் கார்டிஃபில். இரண்டு பேர்தான் என்பதால் ஆட்டம் உண்டு. பத்தொன்பது வயதுக் குழந்தையை கோலில் நிறுத்தி 0–3 வாங்கினோம். எங்கள் கோல்கீப்பர் அங்கே பெஞ்சில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்ததை டிவியில் காட்டினார்களாம்.

"நம்ம வீட்டு அடுப்பைக் கழட்டிட்டுப் போயி அவங்க வீட்டுத் தின்பண்ட அலமாரி மேல வெச்சிருக்கானுங்க" என்று நார்மன் கத்தினார். முன்வரிசைக்காரர் திரும்பிக் கை தட்டினார்.

வேலிக்கு வர்ணம் அடிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஹெய்லிக்குக் கவுன் அளவு சரிபார்க்கப் போனோம். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "மூணாவது ஆளைக் கூப்பிடலைன்னா? ஆட்டம் நடந்தா? நீ வருவல்ல?"

"என்னடி கேள்வி இது" என்றேன்.

"யோசிச்சம்மா நீ."

"யோசிக்கலை."

"ஒரு செகண்ட் யோசிச்ச. கண்ணாடியில பார்த்தேன்."

யோசித்தேனா? யோசித்தேன். போகாமல் இருப்பேன் என்றில்லை. ஆனால் ஹோல்ம்விக் என்ற பெயர் ஒரு கணம் வந்து நின்றது, அதை அவள் பார்த்துவிட்டாள்.

வண்டியில் திரும்பும்போது பழைய கதையை எடுத்தாள். ஒன்பது வயதில் பள்ளி நாடகத்தில் அவள் மரம். அன்று கோப்பை ஆட்டம். நாடகத்தின் இடைவேளையில் நான் எழுந்து மைதானத்துக்குப் போய்விட்டேன். மரத்துக்கு ஏது வசனம் என்று இத்தனை வருடமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ரெண்டாம் பாதியில மரம் பேசும்மா" என்றாள். கோபமாகக்கூட இல்லை. வழி சொல்வது போலச் சொன்னாள்.

இருபது வருடமாக இதை ஏன் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

செப்டம்பர் 20, சனி

ஜரெல் 90. பாஸ்போர்ட் வந்துவிட்டதாம்.

செப்டம்பர் 27, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆட்டம் முடிந்து, வீரர்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வரும் வாசலில் நின்றேன். அவன் வந்த முதல் பருவத்திலிருந்தே ஜரெலுக்கு நான் ஓட்ஸ் கேக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். நொண்டிக்கொண்டே வந்தான்.

"கால் எப்படிப்பா இருக்கு?"

"இழுக்குது ஆன்ட்டி. எட்டு வாரமா ஓய்வே இல்லை." கேக்கை அங்கேயே பிரித்துக் கடித்தான். "அப்பா ஊர்ல இருந்து கூப்பிட்டிருக்காங்க. ஒன்பது மணி நேரம் விமானம். அங்க ஒரு நட்பு ஆட்டம், திரும்ப ஒன்பது மணி நேரம். வரலைன்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன். ஒப்பந்தம் வேற முடியுது. நீங்க என்ன சொல்றீங்க?"

என்னிடம் கேட்டான். பத்து வருடமாக அதே வாசலில் நின்று, எங்கள் பையன்களை நாடு நாடாக இழுத்துப் போய்ச் சக்கையாகப் பிழிகிறார்கள் என்று யார் காதிலும் விழும்படி கத்துகிறவளிடம் கேட்டான்.

"போயிட்டு வாப்பா. அப்பா ஊரு கூப்பிடுறப்ப வரலைன்னு சொல்லுவாங்களா? கிளப் எங்கயும் ஓடிடாது" என்றேன்.

"அப்படியா சொல்றீங்க?"

"அப்படித்தான்."

நார்மன் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கார் வரை கூடவே நடந்தார். கார் கதவைத் திறந்த பிறகு, "நல்லது செஞ்சியா கெட்டது செஞ்சியான்னு தெரியலை பாலின்" என்றார்.

"நீங்களும் அதைத்தானே எதிர்பார்த்தீங்க?"

"நான் எதிர்பார்த்தேன். நீ சொல்லிட்ட."

அக்டோபர் 1, புதன்

மூன்று பேர்.

அக்டோபர் 2, வியாழன்

ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஹெய்லிக்கு போன் செய்தேன். "அப்பாடா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இனிமே தெரியவே தெரியாது, இல்லம்மா?" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்லை. அந்த நீலத் தொப்பியே போட்டுக்க."

என்னது என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 11, சனி

கல்யாணம் நன்றாக நடந்தது. மழை இல்லை. ரோரி உறுதிமொழி சொல்லும்போது அழுதான், ஹெய்லி சிரித்தாள். அயர்லாந்துக்காரர்கள் நாற்பது பேரும் ஒரே குரலில் பாடினார்கள். கிரிக்கெட் கிளப் கூடத்தில் பாதிப் பேர் டவுன் சீசன் டிக்கெட்காரர்கள். மூன்று மணி ஆனபோது எல்லோரும் பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நானும்.

கேக் வெட்டும் முன் நார்மன் வந்தார். முகம் சரியில்லை. போனைக் காட்டினார். நேற்று அந்தத் தீவில் நடந்த ஆட்டம், அறுபத்தேழாவது நிமிடம். ஜரெலை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிறார்கள்.

"இப்ப வேண்டாம்" என்று போனைக் கவிழ்த்து அவர் கையிலேயே வைத்தேன். போய் ஹெய்லி பக்கத்தில் நின்றேன். படங்களில் நான் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தொடைத் தசை முழுசாகக் கிழிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை. ஐந்து மாதம்.

வானொலியில் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் எல்லாம் அந்தத் தீவைத் திட்டுகிறார்கள், மேலாளரைத் திட்டுகிறார்கள், அட்டவணை போட்டவர்களைத் திட்டுகிறார்கள். எல்லாம் சரிதான். என் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 25, சனி

0–2.

ஜரெல் ஊன்றுகோலோடு வந்திருந்தான். அதே வாசல். கேக் கொண்டுபோகவில்லை, கொண்டுபோகக் கை வரவில்லை. அவனே என்னைப் பார்த்து வந்தான்.

"ஆன்ட்டி, நீங்க சொல்லித்தான் போனேன். தேசிய கீதம் பாடுறப்ப அப்பா கேலரியில அழுதுட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை" என்றான். நன்றி சொல்கிறான்!

அப்படியே விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

"உனக்காகச் சொல்லலைப்பா" என்றேன். "அன்னைக்கு என் மக கல்யாணம். மூணாவது ஆள் போனாத்தான் ஆட்டம் தள்ளிப் போகும். அதுக்காகத்தான் போன்னு சொன்னேன். உன் கால் எனக்குத் தெரியாம இல்லை. ஒவ்வொரு நிமிஷமும் எழுதி வெச்சிருக்கேன். தெரிஞ்சே சொன்னேன்."

ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்று கேட்டான்.

"நடந்துச்சு."

"சரி" என்றான். காருக்குப் போனான். கதவைத் திறக்க உதவப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

ஹோல்ம்விக் ஆட்டம் நவம்பர் 18, செவ்வாய், மாலை 7.45. டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. நார்மன் இரண்டு முறை போன் செய்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

ஹெய்லியும் ரோரியும் புது வீட்டில் குடியேறிவிட்டார்கள். செய்தி அனுப்பியிருக்கிறாள்: "செவ்வாய் 18 ராத்திரி சாப்பாட்டுக்கு வாம்மா. ரோரிக்கு அன்னைக்குத்தான் லீவு." மூன்றாம் அடுக்கு அட்டவணையெல்லாம் அவள் பார்ப்பதில்லை.

வருகிறேன் என்று பதில் போட்டேன். இந்தத் தடவை யோசித்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

நவம்பர் 17, திங்கள்

நார்மனிடம் என் டிக்கெட்டைக் கொடுத்தேன், ஜரெல் அப்பாவிடம் சேர்க்கச் சொல்லி. மகனோடு வந்து தங்கியிருக்கிறாராம். நார்மன் ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆட்டுக்கறிக் குழம்பு, உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு கொஞ்சம் வேகவில்லை; நான் சமையல்காரி என்றாலும் சொல்லவில்லை. சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். மைதானம் ஒரு மைல்தான். ஏழே முக்காலுக்குக் கூட்டத்தின் சத்தம் எழும்பி உள்ளே வந்தது.

ஹெய்லி கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, இன்னைக்கு ஆட்டமா?"

"ஆமா."

"யாரோட?"

"ஹோல்ம்விக்."

ரோரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஹெய்லி என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தாள். சன்னலைச் சாத்த எழுந்தாள், இருக்கட்டும் என்று உட்காரவைத்தேன்.

"அந்த மரம் என்னடி பேசிச்சு?" என்று கேட்டேன்.

முதலில் புரியவில்லை அவளுக்கு. பிறகு சிரித்தாள். எழுந்து நின்று, இரண்டு கையையும் கிளை மாதிரி விரித்து, ஒன்பது வயதுக் குரலில் சொன்னாள்: "மழை நின்னுடுச்சு. இனிமே எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

அவ்வளவுதான் வசனம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

நார்மனிடமிருந்து நான்கு செய்திகள் வந்திருக்கின்றன. இன்னும் திறக்கவில்லை.