பெயர் அராவிய போத்தில்கள்

உ
சிவமயம்

கொக்குவில்,
பங்குனி 1969.

அன்பு மகன் சேகரத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத இன்னும் கொஞ்ச நாள் செல்லும். நீ அந்தப் பதுளைக் குளிரில் கை கால் முழுசாக, சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் காப்பாற்ற வேண்டும். உன்னைப் பெற்ற கொப்பரின் காது பழைய இடத்திலேயே இருக்கிறது, ஆஸ்பத்திரியில் வைத்துத் தைத்துவிட்டார்கள், கொஞ்சம் கோணல், ஆனால் அந்த முகத்துக்கு அது பெரிய நட்டமில்லை. சோடா அடிக்கிற எங்கள் சந்தியோகுவின் மண்டையும் தைத்தாயிற்று. எனக்கு முழங்கை வரைக்கும் கண்ணாடிக் கீறல், உன் தங்கச்சி மலர் மருந்து பூசுகிறேன் என்று என்னைப் பிடித்துவைத்துப் பலாப்பழம் தடவுகிற மாதிரித் தடவிக்கொண்டிருக்கிறாள். பயப்படாதே, முழுவதையும் ஒழுங்காக எழுதுகிறேன், நீயும் கடைசிப் பக்கத்துக்குப் பாயாமல் ஒழுங்காக வாசி.

மலரின் கலியாணம் வைகாசியில் என்று முதலே எழுதியிருந்தேன். கூடப்பிறந்தவன் வந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவாவிட்டால் மணவறையில் ஏறமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீ வந்தால் உன் கையை வெட்டுவேன் என்று மருதனார்மடத்துச் சோடாக் கம்பனித் தம்பிஐயா நிற்கிறார். நடுவில் நிற்கிறது நான். எங்கள் சோடாக் கம்பனியின் வெறும் போத்தில்களை அவர் எடுத்து உடைத்தது பிழைதான், ஆனால் நீ நட்ட நடுச் சந்தையில் வைத்து லொறிக்குச் சாவி கொடுக்கிற இரும்புக் கம்பியால் அந்த மனுசனின் தாடையை உடைத்துவிட்டுப் பதுளைக்கு றெயில் ஏறிவிட்டாய். அவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பிள்ளையார் வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தி, வலக்கையால் அதில் அடித்து, சேகரம் கொக்குவில் ஸ்டேசனில் இறங்குகிற அன்று அவன் கை தரையில் கிடக்கும் என்று சத்தியம் பண்ணினார். மற்றச் சத்தியம் என்றால் காசைக் கையில் கொடுத்து மறக்கப்பண்ணலாம், கற்பூரத்தில் அடித்ததை என்ன செய்கிறது. அதுதான் இவ்வளவு நாளும் உன்னை வா என்று எழுதாமல் இருந்தேன்.

இனி நீ கேட்ட விசயம். உங்கள் சுருட்டுக்கடை முதலாளி பதுளைக் கண்காட்சியில் கடை போடப்போகிறார், முதல் தரம் என்றபடியால் என்னென்ன ஆயத்தம் செய்யவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். கேட்டதற்கு நல்ல ஆளைத்தான் கேட்டார். நாங்கள் முற்றவெளிக் கண்காட்சியில் கடை போட்டு ஒரு பகல்கூட முழுசாக நடத்தாமல் எல்லாரும் ஒரே லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். சுருட்டு வெடிக்காது என்பதுதான் முதலாளிக்கு நான் சொல்லக்கூடிய முதல் ஆறுதல். மற்றது இடம். கொப்பர் வாசலோடு சேர்ந்த மூலைதான் வேண்டும் என்று, நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றே ஒரு பொல்லோடு போய் அதற்குள் நின்றுகொண்டார், குடை விற்கிற ஒருவர் வந்து இடம் தனக்கென்று கதைக்கவர, அந்த ஆளின் குடையாலேயே அவருக்கு இரண்டு போட்டுத்தான் இடத்தைப் பிடித்தார். சனம் எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்த மனுசன் சூரியன் எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்க்கவில்லை. மேலே தகரம், முன்னால் மதிய வெயில். முதலாளிக்குச் சொல், இடம் பார்க்கப் போனால் வெயில் ஏறினபிறகு போய் நின்று பார்க்கட்டும். இன்னொன்று, சும்மா கொடுத்துக் காட்டுகிற சாமானை அளந்து கொடுக்கவேண்டும். நாங்கள் சின்னக் கிளாசில் ஒரு மிடறு கலர்தான் கொடுத்தோம், தாகம் தீரக் கொடுத்தால் குடித்துவிட்டு மற்றக் கடையைப் பார்க்கப் போய்விடுவான். கதைக்கத் தெரிந்த ஆளை முன்னுக்கு விடவேண்டும், அடிக்கத் தெரிந்த ஆளைப் பின்னுக்கு வைக்கவேண்டும். எங்கள் கடையில் இரண்டும் நான்தான் என்றபடியால் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடி என் கால் தேய்ந்துபோயிற்று.

ஆனால் உண்மையான பிழை இது ஒன்றுமில்லை, போத்தில்தான். கொப்பருக்கு ஒரு ஆசை, கடை நடுவில் சிவப்பு, பச்சை, தோடம்பழ நிறம் என்று ஆளுயரத்துக்குக் கலர்ப் போத்தில்களாலேயே ஒரு கோபுரம் கட்டவேண்டும், பார்க்கிறவன் வாயைப் பிளக்கவேண்டும், அந்த வாய்க்குள் கலரை ஊற்றவேண்டும். கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்கு வருசம் முழுக்கச் சோடா எடுக்கிற பெரியவரும் அன்று வருகிறார் என்று கதை. கோபுரத்துக்குப் போத்தில் எங்கே. எங்கள் போத்தில் பாதி தம்பிஐயாவிடம் கிடக்கிறது, அவருடைய போத்தில் பாதி எங்கள் வேலியோரம் கிடக்கிறது, தேத்தண்ணீர்க் கடைகளில் வெறும் போத்தில் மாறுபட்டு வருவதும், வந்ததைத் திருப்பிக் கொடுக்காமல் ஒளிப்பதும் உடைப்பதும்தானே இந்தத் தொழில். உள்ளே இருக்கிற தண்ணீரைவிட வெளியே இருக்கிற கண்ணாடிக்குத்தான் விலை. கொப்பர் அரம் வாங்கிவந்து, தம்பிஐயாவின் போத்தில்களில் புடைத்துக்கொண்டிருக்கிற அவருடைய கம்பனிப் பெயரை அராவச் சொன்னார். முருங்கைக்குக் கீழே இருந்து நானும் சந்தியோகுவும் மலரும் பல் கூசக் கூச அராவினோம். கலியாணப் பெண் கையில் மருதாணி இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடித் தூள். அதோடு விட்டாரா, போத்தில் வாயை அடைத்திருக்கிற போளையை அமுக்கினால் பீரங்கி மாதிரிச் சத்தம் கேட்கவேண்டும் என்று வழக்கத்தைவிடக் கூடக் காஸ் ஏற்றச் சொன்னார். தோலை உரித்த போத்தில், கூட்டி அடைத்த காஸ், தகரத்துக்குக் கீழே வெயில். இப்போது எழுதும்போது குழந்தைப்பிள்ளைக்கும் விளங்குகிறது, அன்று எங்கள் நாலு தலைக்கும் விளங்கவில்லை.

கண்காட்சியை மாலை போட்டுத் திறந்து வைத்தவர், கோட்டில் வழக்குப் பேசியே வயசான ஒரு பிறக்கிராசியார். மேளம் அடித்து முடிய அவர் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு எங்கள் கோபுரத்துக்கு முன்னால் வந்து நின்று நல்லாயிருக்கிறது என்று தலையாட்டினார். கொப்பருக்கு நெஞ்சு பனைமட்டை மாதிரி விரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையிலிருந்து தம்பிஐயா தன் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். தன் போத்திலைத் தெரியாதா அவருக்கு, பெற்ற பிள்ளைக்கு மொட்டை அடித்தாலும் தாய்க்குத் தெரியும்தானே. வலக்கையால் ஒரு சிவப்புக் கலரை உருவி எடுத்துத் தலைக்கு மேலே வெயிலில் பிடித்து, "ஐயா, உது என்ரை போத்தில், உந்தக் கள்ளன் அராவின தடம் கிடக்குது, வடிவாப் பாருங்கோ" என்று கத்தினார். கத்தி முடியவில்லை, போத்தில் அவர் கைக்குள்ளேயே வெடித்தது. உள்ளே இருந்த கண்ணாடிப் போளை பறந்துபோய்ப் பிறக்கிராசியாரின் மூக்குக்கண்ணாடியை உடைத்தது, மனுசன் மேளக்காரர் மேல் விழுந்தார். தம்பிஐயாவின் கை வழியாகச் சிவப்பாக ஒழுகியது, நான் கலர் என்றுதான் நினைத்தேன். கலர் அவ்வளவு தடிப்பாக ஒழுகாது.

அதோடு கோபுரமும் தொடங்கிவிட்டது. கீழ் வரிசையில் ஒன்று வெடிக்க, அதற்குப் பக்கத்தில் மற்றது, பிறகு யார் வெடித்தது எது வெடித்தது என்று தெரியாது, கண்ணாடி மழை. சங்கத்துப் பெரியவர் நெற்றியால் இரத்தம் ஒழுக வேலி பாய்ந்தார், வருசம் முழுக்க வரவேண்டிய சோடா ஓடரும் அவரோடு வேலி பாய்ந்துவிட்டது. கொப்பர்தான் போத்திலால் எறிந்தார் என்று தம்பிஐயாவின் ஆட்கள் நினைத்து, ஒருவன் சாரத்துக்குள் இருந்து கத்தியை உருவிக்கொண்டு வந்தான். கழுத்துக்கு வந்த வெட்டு, கொப்பர் குனிந்ததால் காதோடு போயிற்று. சந்தியோகு போத்தில் பெட்டியைத் தூக்கி அவன் முதுகில் போட, மற்றவன் பந்தல் கம்பைப் பிடுங்கிச் சந்தியோகுவின் மண்டையைப் பிளந்தான். கத்திக்காரன் திரும்பவும் எழும்பிக் கொப்பருக்கு ஓங்கினான், நான் ஐஸ் உடைக்கிற கம்பியை அவன் தொடையில் இறக்கினேன். இறங்கின சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது மகனே, பகிடிக்கு எழுதவில்லை. அவன் கத்தியைப் போட்டுவிட்டு அம்மா என்று கத்தினான், நான் திரும்பிப் பார்த்துவிட்டேன், என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று.

திரும்பின இடத்தில் தம்பிஐயா நிலத்தில் இருந்தார். அவருக்காகத்தான் எல்லாரும் அடிபடுகிறார்கள், அவரை ஒருவரும் பார்க்கவில்லை. மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, தோலில் தொங்குகிற விரல்களை யாரோ வேறு ஆளின் விரல் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் கடைக்கு முன்னால் கட்டியிருந்த விளம்பரத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். லொறியைக் கொப்பர்தான் ஓட்டினார், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு. பக்கத்தில் தம்பிஐயா, கையில் "ஞானாம்பிகை சோடா, தாகத்துக்கு இதமானது" என்ற துணி. ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பரம்பரை பரம்பரையாகத் தூசணத்தால் பேசிக்கொண்டே போனார்கள். மயங்காமல் போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தம்பிஐயாவுக்குப் பெருவிரலும் சின்னவிரலும் மிஞ்சின, நடுவில் இருந்தவற்றை எடுத்துவிட்டார்கள். ஊரில் எல்லாரும் அவருடைய போத்தில்தான் கூடாத போத்தில், அதுதான் வெடித்தது என்று கதைத்தார்கள். கொப்பர் பேசாமல் இருக்கச் சொன்னார். என்னால் இருக்க முடியவில்லை. கஞ்சி காய்ச்சிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், கொப்பர் பின்னாலேயே வந்து வாட்டு வாசலோடு நின்றுகொண்டார். தம்பிஐயாவின் பெண்சாதி நாகேஸ்வரி என்னைக் கண்டதும் முகத்தைச் சுவருக்குத் திருப்பினாள். நான் அவரிடம், "தம்பிஐயா, போத்திலிலை பிழையில்லை, நாங்கள் அராவினதாலைதான் வெடிச்சது, வழக்குப் போடுறதெண்டால் போடு" என்று சொன்னேன். அவர் கட்டிலில் என் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு எவ்விடத்தில் அராவினீர்கள், கழுத்திலோ வயிற்றிலோ என்று கேட்டார். வயிற்றில்தான் என்றேன். உடனே எழும்பி இருந்து நாகேஸ்வரியைப் பார்த்து, "எணேய், எங்கடை கடையிலை வெயிலுக்குள்ளை இருக்கிற பெட்டியளை இப்பவே நிழலுக்கு இழுக்கச் சொல்லு, நான் உவையின்ரை போத்திலைக் கழுத்திலையும் அராவிப்போட்டன்" என்றார். வாசலில் நின்ற கொப்பர் சிரித்த சிரிப்பில் காதுத் தையல் அறுந்து, திரும்பவும் இரத்தம், திரும்பவும் தையல். நேர்ஸ் பிள்ளை எங்கள் எல்லாரையும் பேசித் துரத்தினாள்.

போகமுன் நான் உன்னைப்பற்றிக் கேட்டேன். வைகாசியில் சேகரம் வரட்டோ தம்பிஐயா, வந்தால் கையோடு திரும்பிப் போவானோ என்று நேராகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். "சத்தியம் பண்ணின கை இதுதான் அக்கா. உதாலை இனிக் கத்தி பிடிக்க ஏலாது, பிள்ளையார் கேட்டால் விரலுகளைக் கேக்கட்டும். இடக்கை இன்னும் ஒண்டும் சத்தியம் பண்ணேல்லை எண்டு உவனுக்கு எழுதுங்கோ" என்றார். பொலிசு வந்து கேட்டபோதும் போத்தில் தானாக வெடித்தது, பிறகு நடந்தது ஒன்றும் தனக்குத் தெரியாது, தான் விரலைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே மகனே, நீ வரலாம். முதலாளியிடம் லீவு கேள், நான் சொன்ன ஆயத்தங்களைச் சொல்லிக் கேட்டால் தருவார். ஒன்று மட்டும் மறக்காதே. கொக்குவிலில் இறங்கி நேரே வீட்டுக்கு வராதே, அப்படியே மருதனார்மடத்துக்குப் போ, கையில் ஒன்றும் கொண்டுபோகாதே, கம்பியை மட்டுமில்லை, பழத்தையும்தான். அந்த மனுசனுக்கு இப்போது நாகேஸ்வரிதான் சோறு குழைத்து ஊட்டுகிறாள், கூச்சத்தில் பாதி வயிற்றோடு எழும்புகிறாராம். மாப்பிள்ளையின் காலைக் கழுவமுதல் உன் கையைக் கழுவிவிட்டு அவருக்கு ஒரு வேளைச் சோறு நீ ஊட்டவேண்டும். பேசுவார், துப்புவார், வாங்கிக்கொள். நீ உடைத்த தாடை, மெதுவாகத்தான் சப்புவார், பொறுத்திருந்து ஊட்டு.

பிள்ளையாரும் கந்தனும் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் பொறுமையும் தரட்டும். கொப்பரும் ஆசி சொல்கிறார், நல்ல காதுப் பக்கம் நின்று கேட்டபடியால் சரியாகத்தான் எழுதுகிறேன். மலர் கம்பளிச் சால்வை ஒன்று கேட்கிறாள். கிட்டடியில் வந்து சேர், சுணங்காதே. தம்பிஐயா இடக்கையால் கரண்டி பிடிக்கப் பழகத் தொடங்கிவிட்டாராம், ஆள் கெட்டிக்காரர்.

இப்படிக்கு,
உன் வரவை வாசலில் பார்த்திருக்கும் அம்மா,
பஞ்சலிங்கம் பராசக்தி.