உடைந்த பூக்கண்ணாடி

வியாழன், இரவு

இதை யார் கண்டெடுத்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள், அம்மாவுக்குக்கூட.

இன்று வகுப்போடு மியூசியம் போனோம். ரோமர் காலத்துக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் தந்தார்கள். நீலத்துக்குள் குட்டி மஞ்சள் பூக்கள். அவை மேலே வரைந்தவை அல்ல, மறுபக்கம் வரை உள்ளேயே ஓடுகின்றன என்றார்கள். அதைப் பார்க்க வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நழுவி விழுந்து இரண்டாகிவிட்டது. பக்கத்தில் நின்ற நிலானி குனிந்து பொறுக்கினாள். டீச்சர் திரும்பியபோது துண்டுகள் அவள் கையில் இருந்தன.

நிலானி யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான். அவளுக்கு இங்கிலிஷ் வராது, நான்தான் மொழிபெயர்ப்பேன். என்ன நடந்தது என்று அவளிடம் கேட்கச் சொன்னார் டீச்சர்.

"நான் பொறுக்கினது மட்டும்தான். நீ வேணுமெண்டு விழுத்தேல்லை எண்டும் சொல்லு."

அவளுக்குக் கை தவறிவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம் என்று டீச்சரிடம் சொன்னேன்.

"சொல்லிட்டியோ?"

"ஓம்."

"பயப்பிடாதை, உன்னை ஏசமாட்டா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தில் அந்தக் கையைப் பார்க்கவே முடியவில்லை.

டீச்சர் அவள் வீட்டுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். நாளைக்கு எப்படியாவது உண்மையைச்…

கதவைத் தட்டும் சத்தம். அம்மா.

"பிள்ளை, நிலானியும் தாயும் வந்து நிக்கினம். பள்ளிக்கூடக் கடிதமாம், உன்னை வாசிச்சுச் சொல்லட்டாம்."