கரி படிந்த எருக்கு

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று தாவரவியல் செய்முறைத் தேர்வு. மாணவர்கள், உலர்ந்த செடி ஒட்டிக் கடையில் விற்கும் ஹெர்பேரியம் தாள்களையே வாங்கிக் கொடுத்தனர். மலையில் மட்டும் வளரும் செடிக்குக் கூசாமல் ‘சேகரித்த இடம்: பொன்னேரி’ என்று எழுதியிருந்தார்கள். வெளித் தேர்வாளர் முழு மதிப்பெண் இட்டார். சல்மா மட்டும் கும்மிடிப்பூண்டி ஆலைச் சாலையில் தானே பறித்த எருக்கை ஒட்டியிருந்தாள். இலையெல்லாம் கரி.

“இன்னாம்மா, கழுவிக்கினு வரக் கூடாதா?” என்றார் அவர்.

“மூணு தபா கழுவினேன் சார். அந்த ரோட்டாண்ட செடியே இப்டித்தான் கீது.”

பத்துக்கு மூன்று. மொத்தத்தில் ஒரு மதிப்பெண் குறைந்து தேர்விலேயே தோற்றாள். வெளித் தேர்வாளர் முடிவே இறுதி என்பது விதி, உள் தேர்வாளராக நானும் கையொப்பமிட்டேன்.

“அடுத்த தபா நானும் கடையிலயே வாங்கிக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைத் தாள்களோடு அவள் எருக்கையும் கட்டி அலமாரியில் வைத்தேன்.