விளக்கு வைக்கும் முன்னே

மார்ச் 28, சனி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. நாளை குருத்தோலை ஞாயிறு. ஓலை படவேட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது, பாதி வாடல். ஜீப்புக்கு டயர் பார்க்கணும். மெழுகுவர்த்தி. பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் வேணும், ஒன்பதுதான் தேறியிருக்கு.

தவக்காலத்துக்கு என்று டீயை விட்டதிலிருந்து தலைவலி. எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஹாஸ்டல் சிஸ்டர் சொல்கிறார்: "நீங்க டீயே குடிச்சிடுங்க ஃபாதர். எங்களுக்குப் புண்ணியமா போகும்."

சாயங்காலம் இடி. மேல்கொல்லைப் பக்கம் ஓட்டுகிற ஷேர் ஜீப்காரர் வந்தார். "மேல்கொல்லையில நேத்து காப்பு கட்டிட்டாங்க ஃபாதரு. எங்க ஊர்லயும் கட்டியாச்சு. ஒரு வாரம் வண்டி எடுக்க மாட்டேன்."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். சுகந்தி அங்கே இருக்கிறாள். நம் ஹாஸ்டல் பெண், பத்தாம் வகுப்பு. நேற்று கணக்குப் பரீட்சை முடிந்ததும் "வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன் ஃபாதர்" என்றாள். நான்தான் போ என்று அனுப்பினேன். செவ்வாய் அறிவியல், வியாழன் சமூக அறிவியல். இன்னும் இரண்டே பேப்பர்.

அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியே ராத்தங்கக் கூடாது. இதற்கெல்லாம் காலண்டரில் தேதி கிடையாது. ஊர்க்கவுண்டர் (இனி ஊ.க., எழுதிக் கை வலிக்கிறது) என்றைக்குச் சொல்கிறாரோ அன்றைக்கு. மலையில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு வார்த்தை கேட்டு அனுப்பத் தோணவில்லையே. சுத்த மடையன் நான்.

மார்ச் 29, ஞாயிறு

பவனி முடிந்ததும் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஓடை வரைக்கும்தான் ஜீப் போகும். அப்புறம் ஏற்றம். முட்டி கெஞ்சியது.

போன வேகத்தில் இன்னொரு தப்பு. எல்லைக்கல்லைத் தாண்டிச் செருப்போடு நுழைந்துவிட்டேன். காப்பு நாளில் ஊருக்குள் செருப்புக் கூடாது. ஒரு கிழவர் போட்ட சத்தத்தில் நாய்கள்கூட எழுந்து நின்றன. ஓடிப்போய்க் கல்லுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தேன். பேச வந்த காரியத்துக்கு நல்ல ஆரம்பம்!

சுகந்தியின் அப்பா கோவிந்தன். இந்த வருஷம் ஊர் சார்பாகக் காப்பு அவர் கையில்தான். மஞ்சள் துணியும் மணிக்கட்டில் காப்புமாக நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பெண்ணே மீறினால் அந்த மனுஷன் ஊரில் எப்படித் தலை நிமிர்வார்?

என் புத்தி குறுக்கே ஓடியது: பேசாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன? சுகந்தியிடமே கேட்டேன். தலையை ஆட்டிவிட்டாள். "வாணாம் ஃபாதர். நாளைக்கு மழை பேயலன்னாலும், எதுனா மாடு செத்தாலும் எங்கப்பாவத்தான் கேப்பாங்க." பிறகு மெதுவாக: "ஆனா பரீட்ச எழுதணும்." கண்ணில் தண்ணீர்.

பத்தாவது முடித்தால் நர்ஸிங் வரை போகலாம் என்று கனவு அவளுக்கு. நின்றுவிட்டால் அத்தை மகன் தயாராக இருக்கிறான். அடுத்த வருஷம் கையில் குழந்தையோடுதான் பார்ப்பேன். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஊ.க. வேப்பமரத்தடியில். சாமி காரியத்தில் சாமியார் எதற்கு மூக்கை நுழைக்கிறார் என்கிற பார்வை.

"இன்னா சாமி, உங்க கோயில்ல இதுமாதிரி கட்டுப்பாடே இல்லியா?"

"நிறைய இருக்குதுங்க கவுண்டரே. அதான் உங்ககிட்ட மீறச் சொல்லல. வழி கேக்கறேன்."

வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு துப்பிவிட்டு: "பகல்ல எங்க வேணா போயாரட்டும். அம்மனுக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள பொண்ணு எல்லைக்கு உள்ள இருக்கணும். வெளக்கு வெச்சப்புறம் வந்தா ஊருக்கு ஆவாது. நீங்களே இட்டுகினு போங்க, நீங்களே இட்டாங்க. நடுவுல எதுனா ஆச்சு, இனிமே எந்தப் பொண்ணும் உங்க ஆஸ்டலுக்கு வராது."

சரி என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். பரவாயில்லை. எழுத வைப்பேன்.

மார்ச் 30, திங்கள்

மேகம், மழை இல்லை. கிளட்ச் சத்தம் போடுகிறது. டயர் மாற்றியாச்சு. கயிறு, அரிவாள், டார்ச் வண்டியில்.

ஆயர் இல்லத்துக்கு போன். நாளைக்குத்தான் எண்ணெய் மந்திரிப்புத் திருப்பலி. மறைமாவட்டத்துக் குருக்கள் எல்லோரும் ஆயர் முன்னால் நின்று வாக்குறுதியைப் புதுப்பிக்கிற நாள். குருப்பட்டம் வாங்கியதிலிருந்து ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. வர முடியாது என்றேன். முதன்மைக்குரு லைனுக்கு வந்தார்.

"ஒரு பொண்ணுக்கு டிரைவர் வேலை பாக்கறதுக்கா?"

"ஆமா ஃபாதர்."

"வேற ஆளே இல்லையா?"

இல்லை. வண்டிக்காரர்கள் எல்லாம் காப்புக் கட்டிய ஊர்க்காரர்கள். அந்தப் பக்கத்து பஸ் என்றைக்கு வரும் என்று அதற்கே தெரியாது. இதையெல்லாம் சொன்னேன். கேட்டாரா தெரியாது. "ஆயர்கிட்ட நீரே சொல்லிக்கும்" என்று வைத்துவிட்டார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ராத்திரி ஜெபத்தில் வாக்குறுதியை நானாகவே ஒருமுறை சொல்லிக்கொண்டேன். கேட்க வேண்டியவர் கேட்டிருப்பார்.

மார்ச் 31, செவ்வாய்

விடிகிறதுக்கு முன் கிளம்பி, ஓடையில் ஜீப்பை விட்டு ஏறினேன். எல்லைக்கல்லில் ஞாபகமாகச் செருப்பைக் கழற்றினேன். அதே கிழவர், அதே இடம். காலைத்தான் பார்த்தார்.

சுகந்தி தயார். வழியெல்லாம் புத்தகம். வளைவில் வாந்தி. முகம் கழுவிவிட்டு மறுபடி புத்தகம். ஒரு கேள்வி கேட்டாள், உயிரியலில். எனக்குத் தெரியவில்லை. "ஃபாதர், நீங்க காலேஜ் படிச்சீங்கதானே?" வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

சரியான நேரத்துக்கு உள்ளே போனாள். மதியம் அழைத்துக்கொண்டு, வெயில் இறங்குமுன் ஊர். ஊ.க. சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மனைவி ஒரு லோட்டா நீட்டினார். கடுங்காப்பி என்று நினைத்து வாயில் வைத்தால் வெல்லம் போட்ட டீ. துப்பவா முடியும்? ஆண்டவரே மன்னியும். இன்னொரு லோட்டாவும் வாங்கிக் குடித்தேன்.

ஏப்ரல் 1, புதன்

முட்டிக்குத் தைலம். நாளை பூசை மாலை ஆறுக்கு. ஆட்கள் பதினொன்று. பக்கத்துப் பங்கு சாமியார் எனக்கும் சேர்த்துப் புனித எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். "ஆயர் கேட்டார், மலையில என்னய்யா நடக்குதுன்னு." என்ன சொன்னீர் என்றேன். "பரீட்சைன்னேன். உமக்கான்னு கேட்டார்."

சிரித்து நாளாச்சு.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி, காலை

நேற்று எழுத முடியவில்லை.

பரீட்சை வரை எல்லாம் சுகம். திரும்பும்போது மழை, கோடைமழை, வானமே கிழிந்தாற்போல. பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே மரம். அரிவாளால் கிளை வெட்டினேன், அவள் இழுத்துப் போட்டாள். எதிரே பைக்கில் வந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள், கயிறு கட்டி ஜீப்பால் இழுத்தோம். நகர்ந்தது. மணி பார்க்கவே பயம்.

ஓடைக்கு வந்தால் தண்ணீர் இடுப்பளவு, செக்கச்செவேல். இறங்க முடியாது. கரையில் நின்றோம். பூசைக்கு இந்நேரம் மணி அடித்திருப்பார்கள். சிஸ்டருக்கு போன் போட்டால் டவர் இல்லை.

"நீங்க போங்க ஃபாதர். உங்களுக்குப் பூச இருக்குது. தண்ணி கொறஞ்சா நான் போய்டுவேன்."

"வாய மூடு" என்று கத்திவிட்டேன். பாவம். நனைந்த கோழி மாதிரி நின்றாள். இட்டுக்கொண்டு போனவன் இட்டுக்கொண்டு வரணும். அதுதான் பேச்சு.

முழங்காலளவு குறைந்ததும் கயிற்றை மரத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டு கடந்தோம். என் செருப்பு தண்ணீரோடு போச்சு. ஏற்றத்தில் சறுக்கிச் சறுக்கி, கையூன்றி. பாதி ஏறும்போதே இருட்டிவிட்டது. நன்றாகவே இருட்டிவிட்டது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியும் கால் நிற்கவில்லை.

எல்லைக்கல். மேலே பார்த்தால் ஊரே கருப்பு. ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. மழையில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் விளக்குக்கூடவா இல்லை? கோயிலும் இருட்டு. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, கோயில் முன்னால் ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. ஆண், பெண், குழந்தை குட்டி எல்லாம். மேளக்காரர் மடியில் மேளம், சும்மா.

நடுவில் ஊ.க. கையில் தீப்பெட்டி.

"இன்னா சாமி! ஊரே இருட்ல குந்திகினு கீது உங்களால! கொயந்தைங்க பசியில அயுவுது!"

"மன்னிச்சிடுங்க கவுண்டரே. ராத்திரி ஆயிடிச்சி."

"யாரு சொன்னது?" என்றார் கோபமாக. "வெளக்கு வெச்சாதான் ராத்திரி. நாங்க எங்க வெச்சோம்? பொண்ண உள்ள வரச் சொல்லுங்க மொதல்ல."

சுகந்தி கல்லைத் தாண்டினாள். கோவிந்தன் எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டார். ஊ.க. அம்மன் முன்னால் போய்க் குச்சியைக் கிழித்தார். ஈரம், பிடிக்கவில்லை. இரண்டாவது பிடித்தது. மேளம் அடித்த அடியில் மலை அதிர்ந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். யாரும் தடுக்கவில்லை. லோட்டாவில் டீ வந்தது.

கோவிந்தனின் தம்பி எல்லைக்கல் வரை டார்ச் பிடித்து வந்து, உள்ளேயே நின்றுகொண்டு, நான் இறங்கிப் போகிறவரை வெளிச்சம் காட்டினார்.

எங்கள் கோயிலுக்கு வந்து சேர்ந்தால் ஜனங்கள் போகவில்லை. ஜெபமாலை சொல்லிக்கொண்டு பெஞ்சில் தூங்குகிறார்கள். பாதம் கழுவப் பதினோரு பேர் வரிசையாக, சுத்தமான காலோடு. என் காலில் முழங்கால் வரை சேறு, முள், ரத்தம். சிஸ்டர் செம்பும் தண்ணீருமாக வாசலிலேயே மறித்துவிட்டார்.

"மொதல்ல உங்க கால நீட்டுங்க."

நீட்டினேன். ஊற்றிக்கொண்டே கேட்டார்: "சுகந்தி பரீட்சை எப்படி எழுதினாளாம்?"

விழித்தேன். மழை, மரம், ஓடை என்று இத்தனை தூரம் கூடவே வந்தும், கேட்கவே இல்லை.

நாளை காப்பு அவிழ்க்கிறார்கள். போய்க் கேட்கணும். புதுச் செருப்பு வாங்கணும்.