பாலத்துக்கு அப்பால் ஓர் இடம்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வெரிபீயில் நான் சுகம். வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் மகனை, ஸைத் நானாவை, அடக்க ஏன் தாமதமானது என்று போனில் கேட்டீர்கள். அழுகையில் என்னால் சொல்ல முடியவில்லை. பிரான்சில் அவர் இருந்த ஊர் லுவார் ஆற்றின் தென்கரையில். அங்கே நம்மவர்களை அடக்க மையவாடி இல்லை. வடகரை ஊரில் இருக்கிறது, ஆனால் அது வேறு மாவட்டம். வெளியூர் ஆட்களுக்கு இடம் கொடுப்பதில்லையாம். அவருடன் வேலை செய்த சிஹாப்தீன் அந்த நகரசபையில் கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஆஸ்பத்திரி வடகரையிலதானே. அந்த ஊர்ல மௌத்தானவருக்கு இடம் குடுக்கத்தான் வேணுமாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று விளங்கியது. அம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டும்வரை நானாவுக்கு உயிர் இருந்திருக்கிறது, உம்மா. அதனால்தான் இடம் கிடைத்தது.

நல்லபடியாக அடக்கிவிட்டார்கள். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

இங்கே யாராவது வந்தால் நானாவின் சாரம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அவர் உடுத்தது. கழுவ வேண்டாம்.

ரயிலுக்கு நேரமாகிறது. வாப்பாவைத் தனியே விடாதீர்கள்.

உங்கள் மகள்,
நஷ்வா